வசையும் வாழ்த்தும் வாக்காகா!

பிரித்தானிய அரசியலிலே திரு. நைஜல் பராஜ் அவர்களின் பெயர் அடிபடாத நாளில்லை. சமூக ஊடகங்களில் அவரைப் பற்றி எழுதப்படுவனவும் பேசப்படுவனவும் எண்ணிலடங்கா. எனினும் அவை அனைத்தையும் வடித்தெடுத்தால் எஞ்சுவன இரண்டே கூற்றுக்கள். மற்றையோர் சொல்ல அஞ்சுவதை அஞ்சாது சொல்லும் மக்கள் தலைவர் அவர் என்பது ஒன்று. இனவெறியர், பாசிசவாதி, பொய்யர் என்பது மற்றையது. அவர் செய்ய நினைப்பது என்ன, அதனால் யாருக்கு என்ன நேரும், நாட்டின் சட்டம் அதற்கு இடந்தருமா என்று நின்று கேட்பாரைக் காண்பது அரிதாகிவிட்டது.

ஹரோவிலும் ஈஸ்ற்ஹாமிலும் வாழும் எம் உறவினர் அனுப்பும் காணொளிகள் யாழ்ப்பாணத்துக்கும் கிளிநொச்சிக்கும் மட்டக்களப்புக்கும் நாள்தோறும் வந்து சேருகின்றன. கடமை முடிந்து வீடு திரும்பிய வைத்தியரும், தோட்டத்துக்கு நீரிறைத்துவிட்டு வந்த கமக்காரரும் அவற்றைப் பார்க்கின்றனர். சிலர் நகைக்கின்றனர், சிலர் சினக்கின்றனர், பலர் அடுத்தவருக்கு அனுப்பிவிட்டு அமைகின்றனர். பெற்ற பிள்ளையை அந்நாட்டுக்கு அனுப்பிவிட்டு இருப்போர்க்கு இது வேடிக்கை பார்க்கும் விடயமன்று. ஆகவே இதனை நிதானமாக ஆராய்வது கடமையென நாம் கருதுகின்றோம்.

நாம் கூறவிரும்புவது இதுவே: திரு. பராஜுக்கு வாழ்த்தும் உரம், வசையும் உரம். அவரது பேச்சை விட்டுவிட்டு அவர் எழுத்தில் வைத்திருக்கும் திட்டத்தைப் படிக்கவேண்டும். அத்திட்டத்துக்கு விடையளிக்கும் இடம் கைத்தொலைபேசியின் திரையன்று, வாக்குச்சாவடியே.

யார் இவர்?

1964 இல் பிறந்த திரு. பராஜ், டல்விச் கல்லூரியிலே பயின்று, இலண்டன் உலோகச் சந்தையில் வணிகத் தரகராகத் தொழில் புரிந்தவர். மாஸ்ரிக்ட் ஒப்பந்தத்தில் பிரித்தானியா கைச்சாத்திட்டமையால் வெகுண்டு 1992 இல் கன்சர்வேட்டிவ் கட்சியை விட்டு நீங்கினார். அடுத்த ஆண்டில் ஐக்கிய இராச்சிய சுதந்திரக் கட்சியைத் தொடக்கியவர்களுள் ஒருவரானார். 1999 தொடக்கம் 2020 வரை ஐரோப்பியப் பாராளுமன்றத்திலே அமர்ந்து, அப்பாராளுமன்றத்திலிருந்து தம் நாட்டைப் பிரித்தெடுக்கவே பாடுபட்டார். 2014 இல் நடைபெற்ற ஐரோப்பியத் தேர்தலில் அவரது கட்சி பிரித்தானியாவில் முதலிடம் பெற்றது. 2016 யூன் 23 ஆந் தேதி நடந்த மக்கள் தீர்ப்பில் 51.9 விழுக்காட்டினர் வெளியேற்றத்துக்கு வாக்களித்தனர்.

அந்நாட்டுப் பாராளுமன்றத்துக்குள் நுழைய ஏழு முறை முயன்று தோற்றவர், எட்டாம் முறை, 2024 யூலை 4 இல், கிளக்ரன் தொகுதியிலே வென்றார். அவர் இன்று நடத்தும் 'றிபோம்' எனும் சீர்திருத்தக் கட்சி, 2025 தொடக்கம் வரை அவரே பெரும்பான்மைப் பங்குகளை வைத்திருந்த ஒரு கம்பனியாக இருந்தது என்பதைச் சட்டம் பயின்றோர் கவனிப்பார்களாக. உறுப்பினர் கூடித் தலைவரை ஆக்கிய கட்சியன்று அது. தலைவர் தம் உடைமையாய் வைத்திருந்த கட்சி.

இரைச்சல் எனும் உரம்

1968 ஏப்பிரல் 20 இல், பேமிங்ஹாமிலே ஈனொக் பவல் என்னும் கன்சர்வேட்டிவ் தலைவர் குடிவரவுக்கு எதிராக ஆற்றிய உரை அந்நாட்டையே உலுக்கியது. மறுநாளே கட்சித் தலைவர் எட்வேட் ஹீத் அவரை நிழல் அமைச்சரவையிலிருந்து நீக்கினார். இலண்டன் துறைமுகத் தொழிலாளர் பவலுக்கு ஆதரவாக ஊர்வலம் சென்றனர். ஆதரவுக் கடிதங்கள் மூட்டை மூட்டையாக வந்து குவிந்தன. பவலைப் போற்றிப் பேசியவர் திரு. பராஜ்.

அன்றைக்கும் இன்றைக்கும் உள்ள வேறுபாடு யாது? அன்று கருத்துச் சொல்ல விரும்பியவன் கடதாசி எடுத்து, சிந்தித்து எழுதி, கையொப்பமிட்டு, முத்திரை வாங்கி ஒட்டவேண்டியிருந்தது. சினம் ஆறுவதற்கு அவ்வளவு நேரமேனும் கிடைத்தது. இன்று விரலசைவே போதும். பெயரும் வேண்டியதில்லை, முகவரியும் வேண்டியதில்லை. அதற்கும் மேலாக, எந்தப் பதிவுக்குப் பதில் மிகுதியாக வருகின்றதோ அதனையே ஊடக நிறுவனங்களின் இயந்திரம் பலருக்கும் கொண்டுசென்று காட்டுகின்றது. அப்பதில் போற்றியதா தூற்றியதா என்று இயந்திரம் பிரித்து நோக்குவதில்லை. ஆகவே 'இந்தக் கயவனைப் பாருங்கள்' என்று பகிர்பவரும் 'இந்த வீரரைப் பாருங்கள்' என்று பகிர்பவரும் ஒரே பணியைச் செய்கின்றனர். டிக்டொக்கிலே திரு. பராஜைப் பின்தொடர்வோர் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர். 2023 இல், காட்டிலே புழுவையும் பூச்சியையும் உண்ணவைக்கும் ஒரு தொலைக்காட்சிக் கேளிக்கையில் அவர் பங்குபற்றி மூன்றாம் இடம் பெற்றதை நினைவு கூர்க. அவமானமும் விளம்பரமே என்பதை அவர் நன்கறிவார்.

இந்த இரைச்சல் வெறும் பொழுதுபோக்காக முடிவதில்லை. 2024 யூலை 29 இல் சவுத்போட் நகரிலே நடன வகுப்பில் இருந்த மூன்று சிறுமியர் குத்திக் கொல்லப்பட்டனர். கொலையாளி படகிலே வந்த புகலிடம் கோருவோன் என்ற பொய், ஒரு பொய்ப் பெயருடன், மணிக்கணக்கில் நாடெங்கும் பரவியது. உண்மை எம்மிடமிருந்து மறைக்கப்படுகின்றதோ என்று வினவும் காணொளியொன்றை மறுநாள் திரு. பராஜ் வெளியிட்டார். கொலையாளி கார்டிவ் நகரிலே பிறந்தவன். அது தெரிந்த பின்னரும் கலகம் ஓயவில்லை. ஓகஸ்ட் 4 இல் ரொதரம் அருகே புகலிடம் கோருவோர் தங்கியிருந்த விடுதிக்குத் தீமூட்ட முயன்றனர்.

நீதியாக மற்றையதையும் சொல்லவேண்டும். அக்கொலையாளியைப் பற்றி அரசாங்கத்தின் தீவிரவாதத் தடுப்புத் திட்டத்துக்கு மூன்று முறை முன்னரே அறிவிக்கப்பட்டிருந்தது என்பது 2025 சனவரியில் வெளிவந்தது. உடனே, தாம் கேட்டது சரியே என்றார் திரு. பராஜ். வினா எழுப்புவது எவர்க்கும் உள்ள உரிமை. ஆயினும், வதந்தி எரிந்துகொண்டிருக்கும் வேளையில் பாராளுமன்ற உறுப்பினர் ஒருவர் எழுப்பும் வினா, வினாவாக மட்டும் நிற்பதில்லை, சான்றாகவே கொள்ளப்படுகின்றது. நீதிமன்றத்தில் சாட்சியை வழிப்படுத்தும் வினாவை நீதிபதி தடுப்பார். சமூக ஊடகத்திலே தடுப்பார் எவருமிலர்.

பட்டப்பெயரால் பயனில்லை

எதிர்ப்போரும் இங்கே தவறுகின்றனர். திரு. பராஜைப் பாசிசவாதி என்று அழைத்தவுடன் வாதம் முடிந்துவிட்டதென எண்ணுகின்றனர். அவருக்கும் அப்பால் நிற்கும் கூட்டம் அவரைக் கோழை என்று வசைபாடுவதை அவர்கள் காண்பதில்லை. தொம்மி றொபின்சன் என்று அழைக்கப்படும் தீவிர வலதுசாரிக் கிளர்ச்சியாளரைத் தம் கட்சியில் சேர்க்க மறுத்தமையால், 2025 சனவரியில், எக்ஸ் ஊடகத்தின் உடைமையாளர் இலோன் மஸ்க் அவர்களே திரு. பராஜ் தலைமைக்குத் தகுதியற்றவர் என்று எழுதினார். இலங்கையிலிருந்து குடிபெயர்ந்த முஸ்லிம் பெற்றோருக்கு ஸ்கொத்லாந்திலே பிறந்த திரு. சியா யூசுப், 2024 இல் அக்கட்சியின் தவிசாளராக்கப்பட்டார். 2025 யூனில் அவர் பதவி துறந்து, இரண்டே நாளில் மீண்டும் கட்சிப் பணிக்குத் திரும்பினார். அவரை இனவெறி வசைகளால் சமூக ஊடகங்களில் துன்புறுத்தினர் என்று சொன்னவர் திரு. பராஜே.

இவற்றையெல்லாம் காணும் சாதாரண வாக்காளர், பாசிசவாதி என்ற கூச்சலைக் கேட்டுச் சிரிக்கின்றார். தம்மையும் அப்பெயரால் திட்டுகின்றார்கள் என்று கருதிச் சினக்கின்றார். பள்ளிப் பருவத்திலே அவர் யூதரையும் பிற இனத்தவரையும் இழித்துப் பேசினார் என்று உடன்பயின்றோர் பலர் 2025 நவம்பரில் கூறினர், அவர் மறுத்தார். நாட்டை ஆள விரும்புவோரின் குணத்தை ஆராய்வது தகும். எனினும் ஒருவர் சிறுவனாக என்ன பேசினார் என்பதைப் பற்றி எழுந்த ஓசையில் பத்திலொரு பங்கேனும், அவர் பிரதமரானால் எந்தச் சட்டத்தை நீக்குவார் என்பதைப் பற்றி எழவில்லையே!

மனக்குறை பொய்யன்று

கோரைப்புல்லின் தலையை அறுத்தால் கிழங்கு அழியாது என்பதை எம் கமக்காரருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. திரு. பராஜின் செல்வாக்குக்கும் மண்ணுக்குள்ளே ஒரு கிழங்கு உண்டு.

அவரது கிளக்ரன் தொகுதியிலே ஜேவிக் என்னும் கடற்கரை ஊர் உள்ளது. இங்கிலாந்திலே மிகவும் வறுமைப்பட்ட பகுதி எது என்று அரசாங்கம் கணித்த 2010, 2015, 2019, 2025 ஆகிய நான்கு ஆண்டுகளிலும் அவ்வூரின் பகுதியொன்றே முதலிடத்தில் நின்றது. 1980 ஆம் ஆண்டுகளில் நிலக்கரிச் சுரங்கங்கள் மூடப்பட்ட வட ஊர்களிலே, தந்தைக்கிருந்த நிலையான வேலை மகனுக்குக் கிட்டவில்லை. 2010 இற்குப் பின் உள்ளூராட்சிச் சபைகளின் நிதி வெட்டப்பட்டது; நூலகமும் இளைஞர் கழகமும் மூடுண்டன. தேசிய சுகாதார சேவையிலே சிகிச்சைக்குக் காத்திருப்போர் பட்டியல் 2022 இல் 70 இலட்சத்தைத் தாண்டியது. இவர்களை நோக்கி, உம் துன்பம் பொய், நீர் அறிவிலி என்று நகரத்துப் படித்தவர் ஏளனம் செய்தால், அவர்கள் எவர் பக்கம் செல்வர்?

குடிவரவைப் பற்றிய சினத்துக்கும் காரணம் இல்லாமலில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறினால் குடிவரவு குறையும் என்று மக்களுக்கு வாக்குறுதியளிக்கப்பட்டது. நடந்ததோ மறுதலை. 2021 சனவரியில் கன்சர்வேட்டிவ் அரசாங்கம் நடைமுறைப்படுத்திய புதிய விசா முறையின் கீழ், வந்தோர் தொகையிலிருந்து சென்றோர் தொகையைக் கழித்த நிகரக் குடிவரவு, 2023 மார்ச்சுடன் முடிந்த பன்னிரண்டு மாதங்களில் 9 இலட்சத்தையும் கடந்தது. மக்களிடம் ஒன்றைச் சொல்லி வேறொன்றைச் செய்தவர்கள் திரு. பராஜுக்கு விதைநெல் கொடுத்தவர்கள் ஆவர்.

மருந்து நோயைத் தீர்க்குமா?

மனக்குறை மெய் என்பதனால் மருந்தும் மெய்யாகிவிடாது. திரு. பராஜ் காட்டும் மருந்தையும் சோதிப்போம்.

படகுகளே நாட்டின் பெருந்துன்பம் என்கிறார். சிறு படகுகளில் கால்வாயைக் கடந்து வந்தோர் 2022 இல் 45,000 இற்கும் மேல். 2024 இல் ஏறத்தாழ 37,000. இவை சிறிய தொகைகளல்ல. ஒழுங்கற்ற வருகையைத் தடுக்க எந்த நாட்டுக்கும் உரிமையுண்டு. ஆயினும் 9 இலட்சம் என்ற தொகையின் பெரும்பங்கு படகிலே வந்ததன்று. அரசாங்கமே விசா வழங்கி வரவழைத்த மாணவர், தாதியர், பராமரிப்புத் தொழிலாளர், உக்கிரேனியர், ஹொங்கொங்கர் ஆகியோரால் ஆனது. 2025 யூனுடன் முடிந்த பன்னிரண்டு மாதங்களில் அந்நிகரத் தொகை ஏறத்தாழ 2 இலட்சமாக வீழ்ந்துவிட்டது. ஜேவிக்கிலே வீடு திருந்தியதா? வைத்தியசாலையிலே வரிசை மறைந்ததா? இங்கிலாந்தின் சுகாதார சேவை ஊழியருள் ஏறத்தாழ ஐவரில் ஒருவர் வெளிநாட்டுக் குடியுரிமையினர். அவர்களை விரட்டினால் வரிசை நீளுமேயன்றிக் குறையாது.

கமக்காரரின் கதை இன்னுந் தெளிவானது. 2024 நவம்பரில், கமநிலங்கள் மீதான மரபுரிமை வரியை எதிர்த்து இலண்டனிலே கமக்காரர் திரண்டபோது, திரு. பராஜும் தொப்பியணிந்து அங்கே நின்றார். வரியைப் பற்றிய அவர்களது அச்சம் நியாயமானதாகவே இருக்கலாம். எனினும் ஐரோப்பிய ஒன்றியத்தின் கமத்தொழில் உதவித்தொகை இல்லாது போனது யாருடைய வெற்றியினால்? தனித்து நின்று வணிக ஒப்பந்தம் செய்யும் உரிமை வெளியேற்றத்தின் பெரும்பேறு என்றார்கள். அவ்வுரிமையைக் கொண்டு அவுஸ்திரேலியாவுடன் செய்யப்பட்டு 2023 இல் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தத்தை, முன்னாள் கமத்தொழில் அமைச்சர் ஜோர்ஜ் யூஸ்ரிஸ் அவர்களே நல்ல ஒப்பந்தமன்று என்று 2022 இல் பாராளுமன்றத்திலே ஒப்புக்கொண்டார். ஸ்ரோபெரிப் பழம் பறிக்க முன்பு உறுமேனியரும் பல்கேரியரும் வந்தனர். அவர்கள் வரவு குறைந்தபின் மத்திய ஆசியாவிலிருந்து ஆள் வரவழைக்க நேர்ந்தது. 2024 இல் அத்தகைய பருவகாலத் தொழிலாளர்க்கு 45,000 விசாக்கள் ஒதுக்கப்பட்டன. வேலி மாறியது, கூலியாள் தேவை மாறவில்லை.

எம்மவருள் சிலர்க்கு ஒரு மயக்கம் உண்டு. கிழக்கு ஐரோப்பியரைக் காட்டிலும் பொதுநலவாய நாட்டினரையே அவர் விரும்புகின்றார், ஆகவே எமக்குத் தீங்கில்லை என்கின்றனர். 2015 இல் திரு. பராஜ் அவ்வாறு பேசியது உண்மையே. இந்தியரும் அவுஸ்திரேலியரும் ஆங்கிலமும் ஆங்கிலச் சட்டமரபும் அறிந்தவர் என்றார். அடுத்த ஆண்டே, மக்கள் தீர்ப்புக்கு ஒரு கிழமை முன், அவர் திறந்துவைத்த விளம்பரப் பலகையில் இருந்தவர் யார்? சுலோவேனிய எல்லையிலே வரிசையில் நடந்துசென்ற அகதிகள்; வெள்ளையரல்லாதார். வெளியேற்றத்துக்காக உழைத்த அமைச்சர் மைக்கல் கோவ் அவர்களும் அதைக் கண்டு நடுங்கினேன், அது தவறு என்றார். ஐரோப்பியர் வருகை குறைந்தபின், விரல் நீட்டப்படுபவர் எவர் என்பதை நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை.

எழுத்தில் உள்ள திட்டம்

இனி முதன்மையான விடயத்துக்கு வருகின்றோம். 2025 செப்தெம்பர் 22 இல் திரு. பராஜும் திரு. யூசுப்பும் ஒரு திட்டத்தை அறிவித்தனர். காலவரையறையின்றித் தங்கும் அனுமதி என்னும் சட்ட நிலையை அறவே ஒழித்து, ஐந்தாண்டுக்கொருமுறை புதுப்பிக்க வேண்டிய விசாவை அதனிடத்தில் வைப்பது அத்திட்டம். இனி வருவோர்க்கு மட்டுமன்று, முன்னரே அவ்வனுமதியைப் பெற்றோர்க்கும் இது பொருந்தும் என்றனர்.

சட்டம் பயின்றோர்க்கு இதன் பாரதூரம் புரியும். அரசு ஒருவருக்கு எழுத்தில் உறுதியளித்தது. அவ்வுறுதியை நம்பி அவர் வீடு வாங்கினார், கடன்பட்டார், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பினார். இருபதாண்டு கழிந்தபின் அரசு வந்து, அவ்வுறுதி செல்லாது, மீண்டும் விண்ணப்பி, ஊதியம் போதாதாயின் புறப்படு என்கிறது. எந்தக் குற்றமும் செய்யாதவரின் நிலையைப் பின்னோக்கிப் பறிப்பது நீதியாகுமா? அவ்வனுமதியுடன் வாழும் ஈழத்தமிழர் பலர். முதியோர், சிறு கடைகளில் வேலைசெய்வோர், பராமரிப்பு இல்லங்களில் இரவு விழித்திருப்போர் அவர்கள்.

அதற்கு முந்திய மாதம், ஓகஸ்ட் 26 இல், அவர் வேறொரு திட்டம் வெளியிட்டார். ஐரோப்பிய மனித உரிமைகள் சமவாயத்திலிருந்து விலகுதல், 1998 ஆம் ஆண்டின் மனித உரிமைகள் சட்டத்தை நீக்குதல், அகதிகள் சமவாயத்தை ஐந்தாண்டுக்கு ஒதுக்கிவைத்தல், ஆட்சிக் காலத்துக்குள் 6 இலட்சம் பேர்வரை நாடு கடத்துதல் என்பன அதில் அடங்கும். அந்நியர் திணித்த சமவாயம் என்று சமூக ஊடகங்களிலே முழங்குகின்றனர். அதனை வரைந்தவருள் முதல்வர் டேவிட் மக்ஸ்வெல் பைவ் என்னும் ஆங்கிலச் சட்டத்தரணி, கன்சர்வேட்டிவ் கட்சியினர். 1951 இல் அதனை ஏற்றுறுதி செய்த முதல் நாடு பிரித்தானியா. வட அயர்லாந்திலே இரத்தக்களரியை நிறுத்திய 1998 ஆம் ஆண்டின் பெரிய வெள்ளி உடன்படிக்கையின் அத்திவாரக் கற்களுள் ஒன்றும் அச்சமவாயமே. படகை நிறுத்துவதற்காக இதனைத் தகர்ப்பது, எலிக்குப் பகையாகி வீட்டுக்குத் தீ வைப்பதை ஒக்கும்.

அச்சமவாயத்தின் நீதிமன்றம் வருவோர்க்கெல்லாம் கதவு திறப்பது என்பதும் பொய். எம்மவர் வழக்குகளே இதற்குச் சான்று. பிரித்தானியா திருப்பியனுப்பிய ஐந்து தமிழர் தொடுத்த வில்வராஜா வழக்கிலே, 1991 ஒக்ரோபர் 30 இல் அந்நீதிமன்றம் அவர்களுக்கு எதிராகவே தீர்ப்பளித்தது. 2008 யூலை 17 இல் வேறொரு தமிழரின் வழக்கிலே, அவரைத் திருப்பியனுப்பினால் சித்திரவதைக்கு எதிரான மூன்றாம் உறுப்புரை மீறப்படும் என்று தீர்த்தது. ஒருவர்க்கு ஆம் என்றும் ஒருவர்க்கு இல்லை என்றும் சான்றை நிறுத்துச் சொல்வதே நீதிமன்றத்தின் தொழில். அத்தராசையே உடைக்க வேண்டும் என்பது சீர்திருத்தக் கட்சியின் கோரிக்கை.

ஆட்சிக்கு வராமலே ஆள்வது

அவர் ஆட்சிக்கு வந்தாலன்றோ அஞ்சவேண்டும் என்பாருமுளர். 2024 தேர்தலிலே அவரது கட்சி பெற்ற ஆசனங்கள் ஐந்து. எனினும் 2025 மே மாதத்தில் தொழிற்கட்சி அரசாங்கம், நிரந்தரமாகத் தங்கும் உரிமைக்குரிய பொதுக் காலத்தை ஐந்தாண்டிலிருந்து பத்தாண்டாக்கப் போவதாக அறிவித்தது. அவ்வாண்டு நவம்பரில், அகதி நிலையை முப்பது மாதத்துக்கொருமுறை மீளாய்வு செய்வதாகவும், முறைகேடாக வந்தோர் இருபதாண்டு காத்திருக்க வேண்டுமெனவும் அறிவித்தது. ஒக்ரோபரில் கன்சர்வேட்டிவ் கட்சியும் மனித உரிமைகள் சமவாயத்திலிருந்து விலகுவதையே தன் கொள்கையாக்கியது. ஐந்து ஆசனக்காரர் இருபெருங் கட்சிகளையும் தம் பக்கம் இழுத்துவிட்டார். அவரைத் திட்டிக்கொண்டே அவர் வழியில் நடப்பவர் அவரைத் தோற்கடிப்பதில்லை; அவர் சொன்னதே சரி என்று மக்களுக்கு மெய்ப்பிக்கின்றனர்.

எண்ணிக்கையின் விந்தை

ஆட்சிக்கு வருவது எட்டாக் கனியுமன்று. அந்நாட்டின் தேர்தல் முறையிலே தொகுதியில் முதலில் வருபவர் வெல்வார். மற்றையோர் பெற்ற வாக்குகள் வீணாகும். 2015 இல் திரு. பராஜின் அன்றைய கட்சி 12.6 விழுக்காடு வாக்குப் பெற்று ஒரே ஆசனம் பெற்றது. 2024 இல் சீர்திருத்தக் கட்சி 14.3 விழுக்காட்டுக்கு ஐந்து ஆசனம் பெற, 12.2 விழுக்காடு பெற்ற லிபரல் ஜனநாயகக் கட்சி 72 ஆசனம் பெற்றது. தொழிற்கட்சியோ 33.7 விழுக்காட்டைக் கொண்டு 650 இல் 411 ஆசனங்களை வாரிக்கொண்டது.

இதுகாறும் அவரைத் தடுத்துவந்த அணை அம்முறையே. ஆனால் வாக்குகள் ஐந்து கட்சிகளாகச் சிதறும்போது, முப்பது விழுக்காடே பெரும்பான்மைக்குப் போதியதாகலாம். 2025 இன் பெரும்பகுதியில் கருத்துக் கணிப்புக்கள் அவருக்கு ஏறத்தாழ அவ்வளவு ஆதரவையே காட்டின. அவ்வாண்டு மே முதலாந் தேதி நடந்த உள்ளூராட்சித் தேர்தல்களில் அவரது கட்சி 677 உறுப்பினரையும் பத்துச் சபைகளையும் வென்றது. எழுதப்பட்ட யாப்பு இல்லாத நாடு அது. பாராளுமன்றத்தில் ஒரு வாக்கு மிகுதியாயினும் எந்தச் சட்டத்தையும் ஆக்கலாம், நீக்கலாம். பத்து வாக்காளரில் எழுவர் விரும்பாத ஒன்றும் அங்கே சட்டமாகக்கூடும்.

செய்யவேண்டியது யாது?

பிரித்தானியாவில் வாழும் எம் உறவினர்க்கு மூன்று வேண்டுகோள் விடுக்கின்றோம்.

முதலாவது, வசைக் காணொளிகளைப் பகிர்வதை நிறுத்துக. அதனால் திரு. பராஜுக்கு ஒரு நட்டமும் இல்லை.

இரண்டாவது, காலவரையறையற்ற அனுமதியோடு அமைந்திருப்போர், குடியுரிமை பெறத் தகுதியுடையராயின், தக்க சட்ட ஆலோசனை பெற்று விண்ணப்பிப்பதைப் பற்றி இன்றே எண்ணுக. செலவு மிகுதிதான், தாமதத்தின் செலவு அதனினும் மிகுதியாகலாம்.

மூன்றாவதே தலையாயது. இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்போர் பலர் தமக்கு அங்கே வாக்குரிமை இல்லையென்று எண்ணியிருக்கின்றனர். அது தவறு. பொதுநலவாய நாட்டின் குடிகள், அங்கு சட்டப்படி தங்கும் அனுமதியுடையராயின், பிரித்தானியப் பாராளுமன்றத் தேர்தலில் வாக்களிக்கலாம். இந்நாட்டவரும் அதில் அடங்குவர். அவர்கள் செய்யவேண்டியது வாக்காளர் இடாப்பிலே பெயரைப் பதிவு செய்வதே.

ஒரு வாக்கால் என்ன ஆகும் என்பார்க்கு ஒன்று கூறுவோம். 2025 மே முதலாந் தேதி ரன்கோண், ஹெல்ஸ்பி தொகுதியில் நடந்த இடைத்தேர்தலில் சீர்திருத்தக் கட்சி 12,645 வாக்கும் தொழிற்கட்சி 12,639 வாக்கும் பெற்றன. வேறுபாடு ஆறு வாக்குகள்! ஒரு வீட்டிலே உள்ளோர் அனைவரும் வாக்களித்திருந்தால் முடிவு மாறியிருக்கும். அத்தேர்தலைப் பற்றி அன்று சமூக ஊடகங்களில் இடப்பட்ட பதிவுகளுள் ஒன்றையேனும் தேர்தல் அதிகாரி எண்ணிப் பார்க்கவில்லை.

எம்மவர் எவருக்கு வாக்களிக்க வேண்டுமென நாம் பணிக்கவில்லை. திரு. பராஜின் திட்டத்தைப் படித்து, ஆராய்ந்து, ஏற்பாராயின் அவருக்கே வாக்களிக்கட்டும். அது அவர்தம் உரிமை. படியாமலே திட்டுவதும், படியாமலே புகழ்வதும், வாக்கு நாளன்று வீட்டிலே இருப்பதுமே எமக்கு உடன்பாடில்லாதவை. முகநூலிலே நூறு பதிவு இட்டவர், வாக்காளர் இடாப்பிலே ஒரு பதிவு செய்வாராக. பின்னையதைத்தான் எண்ணுவார்கள்.